காற்று திரும்பி வரும் என்பதையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

மழைக்காலம் நெருங்குவதால், புயலுக்கு முன் வீட்டில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் லைட், குடிதண்ணீர், மாத்திரை, ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது, போனுக்கு முன்கூட்டியே சார்ஜ் போடுவது. எல்லாம் தேவையானதுதான். எங்கள் தெரு மளிகைக் கடையில் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. புயல் நடுவில் நின்றுபோகும், அப்புறம் எதிர்ப்பக்கத்தில் இருந்து திரும்ப அடிக்கும் என்ற வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வடசென்னைக் கடற்கரையில் இருக்கிற காசிமேட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் விசைப்படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். இந்த டிசம்பரோடு வர்தா புயல் வந்து பத்து வருஷம் ஆகிறது. அன்று எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக் கொஞ்ச நாளாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பத்து வயசுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று படகில் ஏறுகிறார்கள், கைக்குழந்தை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஞாபகத்தில் இருப்பது சத்தமும் பயமும்தான். காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அன்றுதான் கார்த்திகை தீபம். அதற்கு முந்தின திங்கட்கிழமை இரவு முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகியிருந்தார். ஊரே அந்தத் துக்கத்தில் இருந்து எழுந்திருக்கவில்லை. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததில் இருந்து யார் கையிலும் பணப் புழக்கம் இல்லை. 2000 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் கடைக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்? மெழுகுவத்தி, பிரெட், பால் எல்லாமே எங்கள் தெருவில் கடனில்தான் வாங்கினோம். கடைக்கார அண்ணன் ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. அதை இங்கே எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

புயல் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு முன்னாலேயே வந்து, படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் கட்டிக் கிடந்தன. 1966-ல் ஒரு பெரிய புயல் வந்த ஆயாக்கள் காலத்தில் இந்த அளவுக்கு வசதி இல்லை. அந்த வகையில் நாம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம்.

விடிந்ததில் இருந்தே மழை. பத்து மணிக்கு மேல் காற்று வடக்குப் பக்கத்தில் இருந்து வீச ஆரம்பித்தது. எங்கள் பகுதியில் ஓலை வீடுகள் குறைந்துவிட்டன, ஆனால் ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை நிறைய. கடற்கரையை ஒட்டி இருந்த குடும்பங்களை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். என் மையத்துக் குழந்தைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அவர்களில் இருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். சத்துமாவுப் பாக்கெட்டுகளையும் ஒரு சிலிண்டரையும் காலையிலேயே கொண்டுபோய் வைத்திருந்தோம். மத்தியானம் குழந்தைகளுக்கு மாவைக் கரைத்துக் கொடுத்தோம், பெரியவர்களுக்குக் கஞ்சி.

காற்றின் சத்தத்தைப் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது மொட்டை மாடிகளில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் காலியாக உருண்டு போன சத்தம். ஒரு மாடியில் கிளம்பி இன்னொரு மாடியில் விழும். டிஷ் ஆன்டெனாக்கள், விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டங்கள், தகரங்கள் எல்லாம் தெருவில் பறந்துகொண்டிருந்தன. மழை மேலே இருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து கதவிடுக்கு வழியாக உள்ளே பீய்ச்சியது. வடக்குப் பக்க ஜன்னல்கள் நிற்காது என்று தெரிந்ததும் குழந்தைகளைத் தெற்குப் பக்க அறைக்கு மாற்றினோம். அங்கே ஓரளவு அமைதியாக இருந்தது. சிலது தூங்கியும் விட்டன.

மூன்று மணிக்கு மேல் காற்று நின்றது. படிப்படியாகக் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை, சட்டென்று நின்றது. மழையும் விட்டது. வானம் வெளுத்தது. கதவைத் திறந்தால் தெருவெல்லாம் ஆட்கள். "அப்பாடா, போயிடுச்சு" என்று ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் விழுந்த மரக்கிளையில் ஏறி ஆடுகின்றன. பெண்கள் வீட்டைப் பார்க்க ஓடுகிறார்கள், ஆண்கள் படகைப் பார்க்கத் துறைமுகத்துக்கு ஓடுகிறார்கள். பக்கத்துச் சந்துப் பையன், பதினாறு பதினேழு வயசு இருக்கும், கூரைமேல் ஏறிப் பெயர்ந்த ஷீட்டைக் கல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். எனக்குச் சொந்தம் இல்லை, தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். எண்பது வயசைத் தாண்டியவர். அவர் எழுந்து நின்று கத்தினார்: "டேய், உள்ள வாங்கடா! இன்னும் முடியல. அந்தாண்டப் பக்கத்துல இருந்து திரும்பி வரும். முன்ன அடிச்சதவிட மோசமா அடிக்கும்!" யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு தம்பி, "ஆயா, வெயிலே வந்துடும் போல, நீ வேற" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆயா என் கையைப் பிடித்து, "அம்மாடி, பிள்ளைங்கள இந்த ரூம்ல வெக்காத. அந்த ரூமுக்கு மாத்து. இப்போ தெக்கத்திக் காத்து வரும்" என்றார்.

ஏன், எதற்கு என்று கேட்க நேரம் இல்லை. அவர் குரலில் இருந்த உறுதிதான் எங்களை எழுப்பியது. ஜன்னல் உடைந்து தண்ணீர் தேங்கிய வடக்கு அறையைத் துடைத்து, பெஞ்சுகளைப் போட்டு, தூங்கின குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசிப் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போதே காற்று வந்துவிட்டது. இந்தத் தடவை தெற்கில் இருந்து. நாங்கள் விட்டுவந்த அறையின் ஜன்னல் கதவு கீலோடு பெயர்ந்து எதிர்ச்சுவரில் மோதியது. அந்தச் சுவரோரம்தான் சற்று முன்பு குழந்தைகள் படுத்திருந்தார்கள்.

கூரைமேல் இருந்த பையனைக் காற்று ஷீட்டோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, ராத்திரி முழுக்க வலியில் கிடந்தான். ஆம்புலன்ஸ் வர வழி ஏது? எல்லாத் தெருவிலும் கம்பமும் மரமும் விழுந்து கிடந்தன. இன்று அவன் நடக்கிறான், ஆனால் படகில் நிற்கிற வேலை அவனுக்கு முடியாது. கறிக்கடையில் வேலை பார்க்கிறான்.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. ஆயாவுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. புயல் ஒரு பெரிய சுழல். நம் பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் கண் பகுதியில் காற்று அடங்கியிருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் காற்று மிகக் கடுமை. கண் நம் தலைக்குமேல் கடந்தால் முதலில் ஒரு பக்கக் காற்று, அப்புறம் அமைதி, அப்புறம் நேர் எதிர்ப்பக்கக் காற்று. இது எந்தப் பள்ளிப் பாடத்திலும் சொல்லக்கூடிய விஷயம். அரசு தரும் வழிகாட்டுக் குறிப்புகளில் கூட, காற்று தணிந்தாலும் வெளியே வராதீர்கள் என்று ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. தேவைப்பட்ட அந்த நேரத்தில் அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கரண்ட் இல்லை, டிவி இல்லை, செல்போன் டவர் செத்துக் கிடந்தது. ஆயாவின் தொண்டைதான் இருந்தது.

அந்த அமைதி ஒருவருக்கு உதவியும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். என் மையத்தில் பதிவு செய்திருந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் இருந்தே இடுப்பு வலி. காற்று நின்றதும் அவள் மாமியார் யோசிக்கவே இல்லை. ஒரு ஷேர் ஆட்டோக்காரரைக் கெஞ்சி, ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் இறங்கவும் காற்று திரும்பவும் சரியாக இருந்ததாம். ராத்திரி பெண் குழந்தை பிறந்தது. இது தப்பித்த கதைதான், வழிகாட்டுகிற கதை இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முன்பே கிளம்பியிருப்பார்கள், தெரியாமல் நடுரோட்டில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மாமியார் இன்றும் சொல்லி அழுகிறார். தண்டையார்பேட்டையில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் அப்படித்தான் மாட்டினார். பாலத்தடியில் பத்திரமாக நின்றிருந்தவர், காற்று விட்டதும் வீட்டுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு கடை ஷட்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாராம்.

துறைமுகத்துக் கதை வேறு. என் கணவர் சொல்வதைக் கேட்டால் உங்களுக்கே புரியும். வடக்குக் காற்று வருகிறது என்று எல்லாரும் அந்தப் பக்கத்துக் கயிற்றைத்தான் கெட்டியாகப் போட்டிருந்தார்கள். அது தாங்கியது. காற்று தெற்கே திரும்பியதும் இறுகியிருந்த கயிறு தொய்ந்து, படகுகள் ஒன்றோடு ஒன்று முட்டின. பக்கப் பலகை உடைந்து, எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவருக்கு ஓயாத வேலை. கூலி கொடுக்க யாரிடமும் பணம் இல்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கட்டி, முன்னும் பின்னும் நங்கூரம் போட்டிருந்த சில படகுகளுக்கு டயர் உரசின கோடு தவிர ஒன்றும் ஆகவில்லை. அப்படிக் கட்டியவர்கள் எல்லாம் வயசானவர்கள். யாரோ ஒரு தாத்தா, யாரோ ஒரு நைனா சொல்லிக்கொடுத்தது.

ஆயாவுக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். 1966 நவம்பர் புயலின்போது அவர் இளம்பெண். அன்றும் காற்று திசை மாறியதாம். முதல் காற்றுக்குத் தப்பித்த குடிசைகள் எல்லாம் இரண்டாவது காற்றில் போயின என்று சொன்னார். ஸ்டமாட்டிஸ் உள்ளிட்ட கப்பல்களைச் சென்னைக் கரையில் தள்ளிக்கொண்டு வந்து போட்ட புயல் அது. பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்துபோய் அந்தக் கப்பலைப் பார்த்த கதையைச் சின்ன வயசில் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் காற்று திரும்பிய கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை. 1994 அக்டோபர் கடைசியில் வந்த புயலை நானே பார்த்தேன், கைக்குழந்தையோடு வீட்டுக்குள் இருந்தேன். அதைப் பற்றியும் எங்கள் வீட்டில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

ஆயா பிறந்த குப்பம் இன்று கடலுக்குள் இருக்கிறது. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. இப்போது ராயபுரத்தில் இருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் கருங்கல்லைக் கொட்டித்தான் கரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் புயலுக்கும் நடுவில் மணல்பரப்பு இல்லை, கல்தான் இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்து அனுபவமும் தெற்குச் சென்னை அனுபவமும் ஒன்று அல்ல. வர்தாவுக்கு மறுநாளில் இருந்து பத்திரிகைகள் விழுந்த மரங்களை எண்ணின. கிண்டியிலும் வண்டலூரிலும் ஆயிரக்கணக்கில் விழுந்தன, அது பெரிய இழப்புதான், எனக்கும் மனசு வலித்தது. ஆனால் எங்கள் பக்கம் எண்ணுவதற்கு மரமே குறைவு. பறந்துபோன ஷீட்டை, உடைந்த படகை, நனைந்துபோன வலையை யாரும் அப்படி எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் புயலும் வர்தா மாதிரி வராது என்பதும் உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம் ஊரில் கரையேறவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்த்தான் கடந்தது. போகிற வழியில் நமக்கு எதிரே கடலில் நின்று கொட்டிய மழையில் ஊர் மூழ்கியது. எண்ணூரில் என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடா எல்லாம் கறுப்பு. சுவரில் எண்ணெய்க்கோடு எந்த உயரத்தில் நின்றது என்று அவள் இன்றும் கையை வைத்துக் காட்டுகிறாள். அவளிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் எந்தச் சந்து வழியாக முதலில் நுழைந்தது, எந்த வீட்டு மாடி உயரமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். இதுவும் எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

புயலைப் பார்க்கிற டாப்ளர் ராடார் ராஜாஜி சாலையில், துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலேயே. புயலின் கண் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அதில் தெரியும். அப்படியென்றால் அந்த நேரத்தில், "கண் இப்போது ராயபுரம், காசிமேடு மேல் இருக்கிறது, காற்று தெற்கில் இருந்து திரும்ப வரும், யாரும் வெளியே வராதீர்கள்" என்று ஏன் சொல்லக்கூடாது? வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதைவிட எந்தச் சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்வது எங்களுக்கு அதிகம் பயன்படும். இப்போது போனுக்கு அலறுகிற மாதிரி எச்சரிக்கைச் செய்தி வருகிறது, நல்ல ஏற்பாடு. டவர் விழுந்துவிட்டால் அதுவும் வராது. வானொலியில் சொல்லலாம், பேட்டரி ரேடியோ இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. கோயில், சர்ச், பள்ளிவாசல் மைக்குகளுக்கு ஒரு பேட்டரி ஏற்பாடு இருந்தால் போதும். முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். குழந்தைகளை எந்த அறையில் வைப்பது என்று அவர்தானே முடிவு செய்யப்போகிறார்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எண்ணையும் ஒவ்வொரு புயலுக்கும் டிவியில் சொல்கிறார்கள். 1 முதல் 11 வரை இருக்கிறது. பத்து என்றால் கடும் புயல் இந்தத் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும் என்று அர்த்தம், பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இதை என் கணவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் தெருவில் பெரும்பாலானவர்களுக்கு எண் பெரிதாகப் பெரிதாகப் பயம் அதிகமாகும், அவ்வளவுதான். அந்த எண்களுக்கான அர்த்தத்தை நீங்கள் ஒருநாள் எளிமையாகப் போடலாமே.

உங்களிடம் கேட்பது இன்னொன்று உண்டு. ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் வாரம் ஒருமுறை, புயலைப் பார்த்த ஒரு பெரியவரின் அனுபவத்துக்கு இடம் கொடுங்கள். எவ்வளவு பயந்தீர்கள் என்று கேட்காதீர்கள். காற்று முதலில் எந்தப் பக்கம், நடுவில் நின்றதா, எவ்வளவு நேரம் நின்றது, அப்புறம் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தத் தெருவரை வந்தது, எந்தக் கட்டடம் தாங்கியது, படகை எப்படிக் கட்டினீர்கள் என்று கேளுங்கள். திருவொற்றியூர், எர்ணாவூர், தாழங்குப்பம், பழவேற்காடு வரைக்கும் உங்கள் நிருபர்கள் போனால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 1966-ஐப் பார்த்தவர்கள் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆயா 2021-ல் போய்விட்டார். நான் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு இனிமேல் பதில் கிடைக்காது.

என் நோட்டில் இருப்பதில் சில பக்கங்களை நகல் எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படகை இரண்டு பக்கமும் எப்படிக் கட்டுவது, கயிறு எவ்வளவு தளர்த்தி விட வேண்டும் என்று என் கணவர் படம் போட்டுக் காட்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இடம் போதாது என்றால் அதை மட்டுமாவது மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
காசிமேடு, சென்னை